கெட்டியாப் புடிங்க தாயி

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எம்.காம். படித்துவிட்டு ஏலக்காய் எடுக்க மலையேறிப் போகிறவளுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? அந்தக் கோபத்தோடுதான் ஒரு நல்ல மனுஷனை மூன்று மாதம் கரித்துக் கொட்டினேன். கடைசியில் என்னையும் சேர்த்துப் பதினாலு பெண்களை மலையிலிருந்து உருட்டிவிடவும் பார்த்தேன். அந்த மனுஷன் பெயர் அமிர்தராஜ். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், அவருக்கு ஐம்பத்தாறு வயசு, எனக்கு முப்பத்துநாலு.

காமயகவுண்டன்பட்டி சர்ச் முக்கில் காலை ஆறு மணிக்கு அவருடைய ஜீப் நிற்கும். இருபத்தாறு வருஷமாக நிற்கிறது. பதினாலு பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் போய், அங்கிருந்து கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளா பக்கம் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவார். ஒரு ஜீப்பில் பதினாலு பேர் எப்படி என்று கேட்காதீர்கள், எங்களுக்கே தெரியாது. ஒருத்தி மடியில் இன்னொருத்தி தூக்குவாளி இருக்கும், அவள் மடியில் இன்னொருத்தி.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு மழைக்காலத்தில் மகாலட்சுமியைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வண்டி கிளம்பிவிட்டது. அவள் இருட்டுக் கட்டிய ஏலச்செடிகளுக்குள் அழுதுகொண்டு நின்றாளாம். பாதி வழியில் தெரிந்து திரும்பிப் போய்க் கூட்டி வந்தார். அன்றையிலிருந்து மலை இறங்குவதற்கு முன்னால், காலையில் யார் யார் எந்த வரிசையில் ஏறினோமோ அதே வரிசையில் பெயர் கூப்பிடுவார். “ராக்கு!” “இருக்கேன்.” “ஜோதி!” “இருக்கேண்ணே.” “அருளு! மகா! விஜி!” என்று பதினாலும் முடிய வேண்டும். முடிந்ததும், “கெட்டியாப் புடிங்க தாயி” என்று சொல்லி வண்டியை ரெண்டாவது கியருக்குத் தட்டுவார். பள்ளிக்கூடத்தில் கூட எனக்கு இவ்வளவு ஒழுங்காக யாரும் வருகைப் பதிவு எடுத்ததில்லை.

இன்னொன்றும் சொல்வார். “மலையில வண்டி ஓட்டுறவனுக்குக் கண்ணு எம்புட்டோ, மூக்கும் அம்புட்டு முக்கியம் தாயி. பிரேக் லைனர் சூடேறுனா கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேக்காது. வாசம்தான் காட்டிக் குடுக்கும்.” இறக்கத்தில் தலையைக் கொஞ்சம் வெளியே நீட்டி மூக்கை உறிஞ்சுவார். ராக்கம்மாள் அதைப் பார்த்து, “இவுக வீட்டுக் கொழம்பு வாசம் இங்கன வரைக்கும் வருது போல” என்று கிண்டலடிப்பாள். ராக்கம்மாள்தான் எங்களில் மூத்தவள், பின்னால் கதவோரத்தில் உட்கார்ந்து வருகிறவள், அவளுக்கு வாயில் பூட்டு கிடையாது.

இதெல்லாம் பழைய கதை. பிறகு அவருக்கு வரிசையாக ஏதேதோ வந்தது. ஒரு வருஷம் மூக்கடைப்பு மாதிரி இருக்கிறது என்றார். இன்னொரு வருஷம் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வயிறு போகிறது என்றார். தோள்பட்டை இறுகிப்போய்ச் சட்டை மாட்ட முடியவில்லை. நெற்றியிலும் புருவத்திலும் எண்ணெய் வடிந்து தோல் பொக்குப் பொக்காக உரிந்தது. உட்கார்ந்து எழுந்தால் கிறுகிறுவென்று வந்தது. ஒரு ஜீப் நிறையப் பெண்கள் இருக்கும்போது ஒரு மனுஷன் தும்மினால் கூட வைத்தியம் பதினாலு விதமாக வருமே. ஜோதிலட்சுமி தன் வீட்டுக்காரன் முத்துப்பாண்டிக்குத் தோளைச் சரிசெய்த எலும்பு டாக்டரைச் சொன்னாள். வயிற்றுக்கு ராக்கம்மாள் ஒருத்தரைச் சொன்னாள். நானே ஒரு தோல் டாக்டரைச் சொன்னேன், என் முகப்பருவுக்குப் பார்த்தவர். அவரும் ஒவ்வொருத்தரிடமும் போனார். மாத்திரை வாங்கினார். பிறகு அதைப் பற்றிப் பேசமாட்டார். நாங்களும் குணமாகிவிட்டது என்று விட்டுவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஒரு டாக்டர் எழுதிய சீட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டமாட்டோம். காட்டினால் கோபித்துக்கொள்வார், “அப்ப அவரிடமே போக வேண்டியதுதானே” என்பார் என்று பயம். புது டாக்டரிடம் போகும்போது வீட்டில் பழைய சீட்டை ஒளித்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். கல்யாணப் பேச்சில் முந்திய சம்பந்தத்தை மறைக்கிற மாதிரி மறைப்போம். இது ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போதுதான் தெரிகிறது.

போன சித்திரையில் ரேஷன் கடை வரிசையில் பாக்கியம் மதினியைப் பார்த்தேன். அமிர்தராஜ் அண்ணனின் மனைவி. உள்ளூர்த் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர், ஜீப்பில் ஒரு நாளும் வந்ததில்லை. முந்தானையால் முகத்தை மூடியிருந்தார். காற்றில் துணி விலகியது. இடது கண்ணைச் சுற்றி நாவல்பழம் மாதிரி கறுத்துக் கிடந்தது.

“என்ன மதினி இது?”

“கதவுல இடிச்சுக்கிட்டேன்” என்றார். எனக்கா தெரியாது? கதவில் இடித்துக்கொண்டவள் கதவைத் திட்டுவாள், இப்படித் தலையைக் குனிய மாட்டாள்.

ரெண்டு மாதம் கழித்து இன்னொரு அடி, உதடு கிழிந்திருந்தது. அதற்கடுத்த வாரம் பாக்கியம் மதினி துணிமணியைக் கட்டிக்கொண்டு உத்தமபாளையத்தில் இருக்கும் தம்பி எட்வின் வீட்டுக்குப் போய்விட்டார். எட்வின் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வருகிற திங்கட்கிழமை போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, பங்குச் சாமியாரிடமும் சொல்லிப் பிரித்துவிடப் போவதாக ஊரெல்லாம் பேச்சு. முப்பது வருஷத் தாம்பத்தியம், பிள்ளை குட்டி இல்லாத வீடு, ஒருத்தருக்கு இன்னொருத்தர் மட்டும்தான். அது திங்கட்கிழமையோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம்.

முடியட்டும் என்றுதான் நான் சொன்னேன். ஜீப்பில் அவர் காதில் விழும்படியே சொன்னேன். பொண்டாட்டியை அடிக்கிறவன் கையால் ஸ்டீயரிங் பிடித்தால் அந்த வண்டியில் உட்காரவே கூசுகிறது என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளாகவே முகம் சிரிப்பும் இல்லாமல் கோபமும் இல்லாமல் சுவர் மாதிரி இருந்தது. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு திமிர் என்று நினைத்தேன். மதினியின் கறுத்த கண்ணைப் பார்த்த அன்றைக்கே, பெயர் கூப்பிடும்போது நான் “இருக்கேன்” சொல்வதை நிறுத்தியிருந்தேன். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். அவர் மட்டும் பதினாலு பெயரையும் கூப்பிட்டுவிட்டு, பதில் வராத வண்டியைத் திரும்பிப் பார்த்துத் தலைகளை எண்ணிக்கொள்வார்.

இன்னொரு சந்தேகமும் எங்களுக்கு இருந்தது. பல வருஷமாக இறக்கத்தின் பாதியில் ஒரு பாறை ஓரத்தில் வண்டியை நிறுத்துவார். “ரெண்டு நிமிசம் தாயி” என்று இறங்கி வண்டியைச் சுற்றிப் போவார். முதலில் ஒண்ணுக்குப் போகிறார் என்று நினைத்தோம். பாக்கியம் மதினி போனதும் நான் அதற்கு வேறு காரணம் கண்டுபிடித்தேன். பாறைக்குப் பின்னால் பாட்டில் ஒளித்து வைத்திருக்கிறார், ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஓட்டுகிறார், அதுதான் வீட்டில் போய் அடிக்கிறார். எம்.காம். மூளை அல்லவா, கூட்டிக் கழித்துக் கணக்கைச் சரியாக முடித்துவிட்டேன்.

எட்வின் சொன்ன திங்கட்கிழமைக்கு முந்திய வெள்ளி. சாயங்காலம் நாலு மணி இருக்கும், இறங்கிக்கொண்டிருந்தோம். பாறை வந்ததும் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தார்.

“நிறுத்தக் கூடாது” என்றேன்.

“ரெண்டு நிமிசம் தாயி.”

“ஒரு நிமிசமும் கிடையாது. நீங்க எதுக்கு எறங்குறீகன்னு எங்களுக்குத் தெரியும். நிறுத்துனா நாங்க எல்லாரும் எறங்கி நடந்தே போயிருவோம்.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வண்டியை நிறுத்தாமல் இறக்கினார். எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

மூன்று வளைவு தாண்டியிருப்போம். பின்னால் கதவோரத்திலிருந்து ராக்கம்மாள் அலறினாள். “ஏலே அமிர்தம், கருகுதுலே! டயர் பக்கம் பொகை வருதுலே!”

அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் அந்த நாற்றம் தெரிந்தது. தலைமுடி கருகுகிற மாதிரி குப்பென்று அடித்தது. அவருடைய மூக்குக்கு நேர் கீழே முன் சக்கரத்தில் புகை, அவர் மட்டும் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ராக்கம்மாள் கத்தின பிறகுதான் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கால் உள்ளே அப்படியே போனது. வலது பக்கம் பள்ளத்தில் பச்சைக்கு நடுவே கம்பம் ஊர் தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரிகிறது.

“கெட்டியாப் புடிங்க தாயி!” என்றார். கியரை ஒண்ணுக்கு இறக்கினார், வண்டி உறுமியது. இடது பக்க மலைச் சுவரில் வண்டியின் விலாவை உரசவிட்டு, கை பிரேக்கை இழுத்து, வாய்க்கால் மண்ணில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினார். ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை. சிலபேர் அழுதார்கள். நான் இறங்கி நேரே அவரிடம் போனேன்.

“மூக்கு செத்தாப் போச்சு உங்களுக்கு?” என்று கத்தினேன்.

“ஆமா தாயி” என்றார். குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. “ஒம்போது வருசமாச்சு. எந்த வாசமும் தெரியாது.”

“பெறகு எப்படி ஓட்டுனீக?”

பாறை இருக்கும் திசையைக் கையால் காட்டினார். “அங்கன எறங்கி நாலு சக்கரத்தையும் பொறங்கையால தொட்டுப் பாப்பேன். சுட்டா ஆறவிட்டு எடுப்பேன். நாத்தம் தெரியலன்னு சொன்னா நீங்க வேற வண்டிக்குப் போயிருவீகளேன்னு சொல்லல.”

நான் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வருஷம். தினமும் பாதி மலையில் இறங்கி, எங்கள் கிண்டலைக் கேட்டுக்கொண்டு, நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்திருக்கிறார். இன்றைக்கு ஒரு நாள் அந்தக் கையைத் தடுத்தது யார்? இந்த மகராசிதான்.

சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கட்டை வேண்டும் என்று ஜோதிலட்சுமி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டியைத் திறந்தாள். கட்டைக்கும் ஜாக்கிக்கும் கீழே ஏழு பிளாஸ்டிக் பைகள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு ஆஸ்பத்திரி பேர் போட்டது. உள்ளே சீட்டு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை.

“இது நான் சொன்ன எலும்பு டாக்டருல்ல” என்றாள் ஜோதிலட்சுமி.

“இது என் வயித்து டாக்டரு” என்றாள் ராக்கம்மாள்.

“இது யாரு? மனநல டாக்டரா?” அருள்செல்வி அந்தப் பையை மெதுவாகப் பிடித்திருந்தாள். “அண்ணே, இதுக்கு எப்பப் போனீக?”

“போன வருசம். எதுலயும் மனசு ஒட்டல தாயி. திருவிழா வந்தாலும் ஒண்ணுதான், சாவு விழுந்தாலும் ஒண்ணுதான்னு இருந்துச்சு.”

ஏழு பையையும் எங்கள் மடியில் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தோம். நம்புவீர்களோ மாட்டீர்களோ, ஒரு மனுஷனுக்கு ஏழு இடத்தில் ஏழு நோய் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஒவ்வொன்றுதான் தெரியும். அருள்செல்வியின் அக்கா ஞானசெல்வி தேனியில் நர்ஸ். அருள்செல்வி அவளுக்குப் போன் போட்டு, ஒவ்வொரு சீட்டாக வாசித்தாள். மூக்கு, வயிறு, தோள், தோல், மூத்திரம், எழுந்தால் கிறுகிறுப்பு, மனசு. பிறகு ஞானசெல்வி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

“தூக்கத்துல கைகால ஒதறுறாரா? கத்துறாரா? பக்கத்துல படுத்தவுகள அடிக்கிறாரா?”

எல்லாரும் அமிர்தராஜ் அண்ணனைப் பார்த்தோம். அவர் கீழே பார்த்தார். “நான் அடிச்சேன்னு அவ சொல்றா. எனக்குத் தெரியாது தாயி. முழிச்சுப் பாத்தா அவ மூஞ்சியில ரத்தம். எனக்குள்ள எவனோ ஒரு கெட்டவன் குடியிருக்கான்னு நெனச்சுக்கிட்டேன். அவ போனதும் ஒரு வகையில நிம்மதி. அங்கனயாவது அடி விழாம தூங்குவாள்ல.”

ஞானசெல்வி போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாச் சீட்டையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு நரம்பு டாக்டரிடம் வரவேண்டுமாம். கூடப் படுக்கிறவர்தான் முக்கியமாம், அவர் வராமல் பிரயோஜனம் இல்லையாம். திங்கட்கிழமை காலையில் டாக்டர் இருப்பாராம். அதே திங்கட்கிழமை.

சனிக்கிழமை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு ஏழு பையோடு உத்தமபாளையம் போனேன். எட்வின் வாசலிலேயே மறித்தான். “எதுக்குக்கா வந்தீக? அந்தாளுக்குப் பரிஞ்சு பேசவா?” பாக்கியம் மதினி உள்ளேயிருந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கண்ணில் அவ்வளவு வெறுப்பு.

“நீதான அந்த விஜி?” என்றார். “என் வீட்டுக்குள்ள பல வருசமா கேட்ட பேரு. இப்ப இங்கயும் வந்துட்ட.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“அவரு அடிக்கிறதக்கூட நான் பொறுத்துக்குவேன். தூக்கத்துல பொம்பளைக பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே அடிக்கிறாரு. ஒரு நாள் ராக்குங்கிறாரு. ஒரு நாள் ஜோதிங்கிறாரு, மகாங்கிறாரு. விஜி, புடின்னு கத்துறாரு. என்னத்தடி புடிக்கச் சொல்றாரு ஒன்னைய? இத நான் யாருகிட்டச் சொல்ல? போலீசுலயா, சாமியாருகிட்டயா? வெக்கக்கேடு.”

எட்வின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் பையைக் கீழே வைத்தேன்.

“மதினி, ஒரே நாள்ல எல்லாப் பேரும் வந்துருக்கா? எந்த வரிசையில?”

“வரிசையாம் வரிசை.” ஆனாலும் சொன்னார். மனப்பாடமாகவே வைத்திருந்தார். “ராக்கு, ஜோதி, அருளு, மகா, விஜி, அப்பறம் யாரோ தங்கம், பேச்சி...” விரலை மடக்கி மடக்கிப் பதினாலு பெயரையும் சொன்னார். “எல்லாத்தையும் கூப்பிட்டுட்டு, கெட்டியாப் புடிங்க தாயின்னு ஒரு கத்து. பெறகு கைய ரெண்டையும் வட்டமாச் சுத்துவாரு. அந்தச் சுத்துலதான் எனக்கு அடி விழும்.”

அது எங்கள் சர்ச் முக்கு வரிசை. நாங்கள் ஏறுகிற வரிசை. அவர் சுற்றியது ஸ்டீயரிங். தூக்கத்தில் அந்த மனுஷன் எங்கள் பதினாலு பேரையும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கிக்கொண்டிருந்தார். நான் “இருக்கேன்” சொல்லாமல் மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட அந்த மூன்று மாதமும் என் பெயரை விடாமல் கூப்பிட்டிருக்கிறார். நான் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

பாக்கியம் மதினி கண்ணிலிருந்த வெறுப்பு போய்விட்டது, ஆனால் வேறொன்று மிச்சம் இருந்தது. “சரி, அப்படியே இருக்கட்டும்” என்றார். “பதினாலு பேரக் கூப்பிட்டவரு, பக்கத்துல படுத்தவ பேர ஒரு நாளாவது கூப்பிட்டாரா? ஒரு நாளும் கூப்பிடலடி.”

ஆனாலும் திங்கட்கிழமை போலீசுக்குப் போகாமல் தேனிக்கு வந்தார். வந்தாரே தவிர, பஸ்ஸில் அண்ணனோடு உட்காரவில்லை. என்னோடு உட்கார்ந்தார்.

நரம்பு டாக்டர் ஒரு பெண், நாற்பது வயசு இருக்கும். ஏழு பையையும் பார்த்ததும் நாங்கள் வழக்கம்போலப் பயந்தோம். அவர் கோபிக்கவே இல்லை. மேசையில் இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஏழு சீட்டையும் தேதி வரிசையில் பரப்பினார். பிறகு அமிர்தராஜ் அண்ணனைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார். வலது கை டக்டக்கென்று தட்டியது. இடது கை நாலு தட்டு தட்டிவிட்டுச் சோர்ந்து சின்னதாகிப் போனது. மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார். நடக்கும்போது இடது கை வீசவே இல்லை. வருஷக்கணக்காக அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், ஒருத்தி கண்ணிலும் படவில்லை. பிறகு பாக்கியம் மதினியிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். மதினி விட்டு விட்டுச் சொன்னார். பெயர்களையும் சொன்னார்.

“பார்க்கின்சன் நோய்” என்றார் டாக்டர்.

“கை நடுங்கலையே!” என்றேன் நான். அது எனக்கும் தெரியும், நடுக்குவாதம் என்பார்கள்.

“எல்லாருக்கும் நடுங்கணும்னு இல்லம்மா. சில பேருக்கு நடுக்கமே வராது. இந்த நோய் கைக்கு வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே உள்ள வந்துடும். இங்க பாருங்க.” முதல் சீட்டில் விரலை வைத்தார். “வாசனை போச்சு. அப்புறம் குடல் மந்தமாச்சு. தோள் இறுகுச்சு. தோல்ல எண்ணெய். மூத்திரம் அடிக்கடி. எழுந்தா ரத்த அழுத்தம் இறங்குது, அதான் கிறுகிறுப்பு. மனசு சோர்ந்தது. இதெல்லாம் தனித்தனியா யாருக்கும் வர்றதுதான். இந்த ஏழு டாக்டரும் அவங்கவங்க பார்த்ததை ஒழுங்காத்தான் எழுதியிருக்காங்க. ஏழும் ஒரே மேசையில இன்னைக்குத்தான் உக்காந்திருக்கு.”

நான் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு நோய் ஒன்பது வருஷமாக ஒரு மனுஷனுக்குள் நடந்து வந்திருக்கிறது. மூக்கில் ஒரு பெயர், வயிற்றில் ஒரு பெயர், தோளில் ஒரு பெயர் என்று வேஷம் மாற்றி மாற்றி வந்திருக்கிறது. பிரமிப்பு என்று படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அது உடம்பில் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. உள்ளங்கால் சில்லிட்டது.

“அடிக்கிறது?” பாக்கியம் மதினி கேட்டார்.

“கனவு காணும்போது நம்ம உடம்பு அசையாம இருக்க மூளை ஒரு பூட்டுப் போடும். இவருக்கு அந்தப் பூட்டு கழண்டு போச்சு. அதனால கனவுல செய்யறதை உடம்பும் செய்யுது. உங்களை அடிக்கணும்னு இவர் நினைக்கவே இல்லம்மா.” டாக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார். “என்ன கனவு வரும் உங்களுக்கு?”

அமிர்தராஜ் அண்ணன் யோசித்தார். “ஒரே கனவுதான் டாக்டர். மலை எறங்குறேன், பிரேக் இல்ல. புள்ளைக எல்லாம் உள்ள இருக்கு. எப்படியாச்சும் கொண்டு வந்து எறக்கிரணும்.” அவர் முகம் அசையவில்லை. அதே சுவர் முகம். ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. அந்த முகமும் நோய்தான், முகத்துத் தசை சோம்பிப்போகும் என்று டாக்டர் சொன்னார். அதைப் பார்த்துத்தான் நான் திமிர் என்று சொன்னேன். என் நாக்கில் சூடு வைக்க வேண்டும்.

மாத்திரை தந்தார்கள். நோயை அடியோடு எடுக்க முடியாது, ஆனால் மாத்திரையாலும் பயிற்சியாலும் பல வருஷம் நன்றாக நடமாடலாம் என்றார் டாக்டர். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. கட்டில் வேண்டாம், தரையில் படுக்க வேண்டும், நடுவில் தலையணை வைக்க வேண்டும். வாசனை திரும்ப வராது. மலைப்பாதையில் ஆள் ஏற்றி ஓட்டக் கூடாது. கடைசியில் சொன்னதுதான் அண்ணனை உலுக்கியது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே தேனி பஸ் நிலையம் வரை வந்தார். திரும்பும்போது பாக்கியம் மதினி என் பக்கத்தில் உட்காரவில்லை. உத்தமபாளையம் வந்ததும் எழுந்தவர், எட்வினுக்குப் போன் போட்டு, “துணிப்பைய நாளைக்குக் கொண்டாந்து குடுத்துருப்பா” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தார்.

ஜீப்பை இப்போது ஜோதிலட்சுமியின் வீட்டுக்காரன் முத்துப்பாண்டி ஓட்டுகிறான். லைனர் மாற்றிய அன்று ராக்கம்மாள் ஒரு கட்டளை போட்டாள். புது ஓட்டுநரோடு முதல் நாள் அமிர்தராஜும் வர வேண்டும், பாக்கியமும் வர வேண்டும் என்றாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக மதினி அந்த ஜீப்பில் ஏறினார், கடைசி ஆளாக. அவரும் அண்ணனும் பின்னால் எங்களோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாயங்காலம் இறக்கத்துக்கு முன்னால் அண்ணன் பெயர் கூப்பிட்டார். பதினாலு பேரும் தொண்டை கிழிய “இருக்கேன்” சொன்னோம். நான் ரெண்டு தடவை சொன்னேன். பதினாலோடு நிறுத்தினார்.

“ஏலே, பொண்டாட்டிய மலையிலயே விட்டுட்டுப் போகப் போறியாலே?” என்றாள் ராக்கம்மாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். “பாக்கியம்” என்றார், புதுசாகக் கற்றுக்கொண்ட சொல் மாதிரி.

“இருக்கேன்” என்றார் மதினி. வண்டி இறங்கியது. பாறை ஓரத்தில் முத்துப்பாண்டி நிறுத்த, அண்ணன் இறங்கி நாலு சக்கரத்தையும் புறங்கையால் தொட்டார். நான் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சி, “வாசம் இல்லண்ணே” என்றேன்.

இது நடந்து ரெண்டு மாதம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நாங்கள் சர்ச் முக்கில் ஏறிக்கொண்டிருந்தோம். பாக்கியம் மதினி தெருவில் ஓட்டமும் நடையுமாக வந்தார். தலை சீவவில்லை. கன்னத்தில் லேசாக ஒரு சிவப்பு.

“என்ன மதினி, திரும்பவும் அடியா?”

“தலகாணியத் தாண்டி லேசாப் பட்டுருச்சு, அத விடு.” மூச்சு வாங்கியது அவருக்கு. ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் பார்த்தார், முகம் முழுக்கச் சிரிப்பு. “நேத்து ராத்திரி தூக்கத்துல கூப்பிட்டாகடி. ஒங்க பதினாலு பேரையும் கூப்பிட்டாக, கடைசியா பாக்கியம்னாக. கெட்டியாப் புடின்னாக.”

“நீங்க என்ன செஞ்சீக?”

“இருக்கேன்னு சொல்லிட்டு, அந்தக் கையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்.”